நாலே முக்காலைக் கூட்டிக்கிடணும்

கயிற்றுக் கடை அக்காவிடம் ‘சுமாரா’ என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. தெரியாமல் சொன்னவர்கள் மாட்டிக்கொள்வார்கள். ‘சுமாரா ஒரு நாப்பதடி குடுக்கா’ என்று யாராவது கேட்டால் கையில் எடுத்த கத்தியைக் கீழே வைத்துவிடுவார்.

“சுமாருக்கு எங்கிட்ட கயிறு கெடையாது தம்பி. எங்க கட்டப்போறிய, அது எவ்வளவு ஒசரம், அதைச் சொல்லுங்க.”

வந்தவன் தலையைச் சொறிவான். உயரத்தை எப்படி அளப்பது, ஏறியா பார்க்க முடியும் என்பான். அதைத்தான் அவர் எதிர்பார்த்திருப்பார். கல்லா மேசையின் இழுப்பறையிலிருந்து ஒரு பழைய துணிப்பையை எடுப்பார். உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் பிளாஸ்டிக் செட்ஸ்கொயர் இரண்டு, நூலில் கட்டிய ஒரு இரும்பு நட்டு, ஒரு டேப். “கொஞ்சம் கடையப் பாத்துக்கிடுங்க தம்பி” என்று எனக்குக் குரல் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

ராயபுரத்தில், காசிமேடு துறைமுகத்துக்குப் போகிற சாலையில் அவர் கடையும் என் வெல்டிங் பட்டறையும் அடுத்தடுத்து இருந்தன. அவர்கள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். கயிறு, கப்பி, கொக்கி, சங்கிலி, தார்ப்பாய் வியாபாரம். வீட்டுக்காரர் சரக்கெடுக்க யானைக்கவுனிக்கும் வெளியூருக்கும் போய்க்கொண்டே இருப்பார், கடை அக்கா பொறுப்பு. வடசென்னைக்கு வந்து இருபது வருஷமாகியும் எங்கள் பேச்சு அவருக்கு ஒட்டவில்லை. நான் ‘இன்னாக்கா’ என்றால் அவர் ‘என்ன தம்பி’ என்பார். அவர் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் நான் ஒருநாளும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதனால் இங்கேயும் சொல்லவில்லை.

அவர் அளக்கிற முறை ரொம்ப எளிது. இரண்டு பக்கமும் சமமாக இருக்கிற செட்ஸ்கொயரைக் கண்ணருகே நிமிர்த்திப் பிடிப்பார். அது சாயாமல் இருக்கிறதா என்பதை நட்டுக் கட்டிய நூல் காட்டும். சரிந்த விளிம்பு வழியே கம்பத்தின் உச்சியைப் பார்ப்பார். உச்சி அந்த விளிம்பில் வந்து உட்காரும்வரை முன்னே இரண்டடி, பின்னே ஓரடி என்று நகர்வார். உட்கார்ந்ததும் காலடியில் சாக்பீஸால் கோடு. அந்தக் கோட்டிலிருந்து கம்பத்தின் அடிவரை டேப் பிடித்தால் வருகிற தூரம்தான், கண் மட்டத்துக்கு மேலே கம்பத்தின் உயரம்.

“அதோட நாலே முக்காலைக் கூட்டிக்கிடணும்” என்பார். தரையிலிருந்து அவர் கண் நாலே முக்கால் அடி. குள்ளமான பெண்மணி. செருப்புப் போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பார்.

இதை யாரிடம் கற்றீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “ஒம்பதாங் கிளாஸ் புஸ்தகத்துல இருந்திச்சி. எனக்கு இங்கிலீஷ் வரல, சரித்திரம் வரல. இது ஒண்ணு வந்திச்சி. வந்தத விடுவானேன்” என்றார்.

ஒரு தேவாலயத் திருவிழாவுக்குக் கொடிக்கம்பக் கயிறு வாங்க ஒரு பெரியவர் வந்தார். அறுபதடி போதும், வருஷா வருஷம் அதுதான் என்றார். அக்கா கேட்கவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டுபோய்ச் சாலைக்கு இந்தப் பக்கம் நின்றே கம்பத்தை அளந்துவிட்டு வந்தார். முப்பத்தெட்டு அடி. கயிறு ஏறி இறங்க வேண்டும், முடிச்சுக்கு வேண்டும், எண்பது அடிக்குக் குறைந்தால் கொடி பாதியில் நிற்கும் என்றார். பெரியவர் வருஷா வருஷம் கதையையே திரும்பச் சொன்னார். அப்புறம்தான் தெரிந்தது, வருஷா வருஷம் இரண்டு கயிற்றை முடிச்சுப் போட்டு, முடிச்சு கப்பியில் மாட்டி, ஒருவன் ஏறிப்போய் எடுத்துவிடுவது வழக்கமாம். அதையும் திருவிழாவின் ஒரு பகுதி என்று நினைத்திருக்கிறார்கள்.

என்னையும் அவர் விட்டதில்லை. ஒரு குடோனுக்கு நான் இரும்பு ஏணி செய்துகொண்டிருந்தேன். சுவர் பன்னிரண்டடி என்றார்கள், பன்னிரண்டடிக்கு ஏணி அடித்தேன். அக்கா டீக் கிளாஸோடு வந்து நின்று பார்த்தார்.

“இந்த ஏணிய எப்படித் தம்பி நிறுத்துவாக?”

“செவுத்துல சாச்சி நிறுத்துவாங்க. வேற எப்டிக்கா?”

“சாச்சா காலு வெளிய வரும்லா. காலு மூணடி வெளிய வந்தா தலை எங்க நிக்கும்? இது செவத்தோட செவரா ஒட்டி நின்னாத்தான் பன்னெண்டு. அப்பிடி நின்னா ஏறுறவன் மல்லாக்க விழுவான்.”

அவர் சொன்னது சரிதான். நான் அந்த ஏணியில் ஒன்றரை அடி ஒட்டுப்போட வேண்டியதாயிற்று. சரியாகச் சொல்கிறவர்கள்மேல் நமக்கு வருகிற எரிச்சல் இருக்கிறதே, அது தப்பாகச் சொல்கிறவர்கள்மேல் வருவதில்லை. அன்றைக்கு முழுக்க நான் அவரிடம் பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

அவர் வீட்டுக்காரர் பாவம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருவரும் கடலோரம் கருங்கல் கொட்டியிருக்கும் பக்கம் போய் உட்காருவார்கள். துறைமுகத்துக்குள் வர முறைக்குக் காத்திருக்கும் கப்பல்கள் தூரத்தில் நிற்கும். ஒருநாள் அவர் வாய்தவறி ‘அந்தா நிக்கிற கப்பல் ரெண்டு மைல் இருக்கும்’ என்று சொல்லிவிட்டார். அக்கா உடனே எழுந்துவிட்டார். ஒரு விளக்குக் கம்பத்துக்கு நேர் எதிரே கப்பல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டார். செட்ஸ்கொயரைப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டு கரையோரமாகவே வடக்கே நடந்தார். கப்பல் சரிந்த விளிம்பில் வந்து உட்காருகிற இடம்வரை நடந்தால், நடந்த தூரம்தான் கப்பலின் தூரம். கப்பல் சீக்கிரத்தில் வந்து உட்காருகிற வழியாக இல்லை. வீட்டுக்காரர் வாங்கிய சுண்டல் ஆறி, அவர் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டும் முடித்தார். அக்கா திருவொற்றியூருக்குப் பாதி வழியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

“கரை வளையுது. கணக்கு கெட்டுப்போச்சி” என்றாராம். கப்பல் எவ்வளவு தூரம் என்று கடைசிவரை சொல்லவில்லை. ‘சுமார்’ என்று சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் சொல்லவில்லை என்று வீட்டுக்காரர் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

சிரிக்கிற மாதிரி இல்லாததும் உண்டு. எங்கள் தெருவில் ஒரு சாவு. வடசென்னையில் வயதானவர்கள் போனால் பூப்பல்லக்கு கட்டி, மேளம் வைத்து, பட்டாசு வெடித்துத்தான் எடுப்போம். அன்றைக்குப் பல்லக்குக் கொஞ்சம் உயரமாகவே கட்டிவிட்டார்கள். மாலை போட வந்த அக்கா போட்டுவிட்டுச் சும்மா போகாமல், இறந்தவரின் மகனிடம் போய், சந்து முனையில் கேபிள் ஒயர் பதினோரடியில் தொங்குகிறது, பல்லக்கு வண்டியோடு சேர்த்துப் பன்னிரண்டரை என்று சொன்னார். மகன் அழுதுகொண்டிருந்தான். “இன்னாம்மா நீ, எந்த நேரத்துல இன்னா பேசற” என்று ஒரு கிழவர் அதட்டினார். அரைமணி நேரம் கழித்துப் பல்லக்கு சந்து முனையில் சிக்கியது. கோபுரத்தைப் பிய்த்து எடுத்துவிட்டுத்தான் கொண்டுபோனார்கள். அவரை அதட்டிய கிழவர் அதற்கும் அவரைத்தான் திட்டினார், வாய் வைத்துவிட்டாள் என்று.

மறுநாள் கடையில் நான் கேட்டேன், எதற்கக்கா இந்த வேலை உனக்கு, யார் கேட்டார்கள் என்று. கயிறு சுற்றிக்கொண்டே இருந்தார். “கயிறு பத்தலன்னா என்ன ஆகும்னு ஒரு தடவ பாத்திருக்கேன் தம்பி. ஊர்ல” என்றார். அதற்குமேல் கேட்க எனக்குத் துணிவில்லை.

இனி செல்வியம்மா விஷயம்.

செல்வியம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவர். வாயில் நெருப்பு, மனசில் ஒன்றும் இல்லை என்று மார்க்கெட்டில் சொல்வார்கள். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எண்ணூர் போகிற வழியில் எர்ணாவூர்ப் பக்கம் சொந்தமாக ஒரு தரைத்தள வீடு. ஒரே மகன் பிரபு, கன்டெய்னர் யார்டில் வேலை. அவனுக்குப் பெண் பார்த்து முடிந்தது. தனி அறை இருந்தால்தான் பெண்ணை அனுப்புவோம் என்று மீஞ்சூர்க்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மொட்டை மாடியில் இரும்புப் பைப் நட்டு, ஷீட் போட்டு ஒரு அறை எழுப்பித் தர வேண்டும் என்று என்னிடம் வந்தார். அந்த அறைதான் அவருக்கு எல்லாம். மகன் கூடவே இருப்பான், மருமகள் கையால் ஒருவேளை சாப்பிடலாம், வேறென்ன வேண்டும் என்றார்.

ஒரே ஒரு சங்கடம். அந்த வீட்டின் கைப்பிடிச் சுவருக்கு நேர் மேலே பெரிய மின்கம்பி போகிறது. அறையின் கூரைக்கும் கம்பிக்கும் நடுவில் பன்னிரண்டடிக்குக் குறையக் கூடாது என்று லைன்மேன் ஒருவர் சொல்லியிருந்தார். கம்பியின் உயரத்தை யார் போய் டேப் பிடிப்பது. நான் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

பொங்கல் முடிந்த வாரம், காலை நேரம், நல்ல குளிர். அக்கா மாடியில் செருப்பைக் கழற்றினார், நின்றார், நகர்ந்தார், கோடு போட்டார். கைப்பிடிச் சுவரின் அடியிலிருந்து கோடுவரை பதினேழு அடி. நாலே முக்காலைக் கூட்டினால் இருபத்தொன்றே முக்கால். மூன்று தடவை பார்த்தார். மூன்று தடவையும் அதே.

“ஒம்பதடி ஒசரத்துல கூரை போட்டா மேல பன்னெண்டே முக்கா மிச்சம். போடலாம்” என்றார்.

எனக்கு வேறொரு கவலை. கூரைக்குக் குறுக்கே போடுகிற பைப்புகள் முழு நீளம், இருபதடி. மாடிப்படிக்கு மேலே கட்டிய சின்னக் கூண்டு நடுவில் மறிப்பதால் படுக்கைவாக்கில் திருப்ப முடியாது. கைப்பிடிச் சுவரோரம் நிமிர்த்தி நிறுத்தி, அந்தப் பக்கம் திருப்பிச் சாய்க்க வேண்டும். நிறுத்தலாமா என்று கேட்டேன்.

“ஒண்ணே முக்கா அடி இருக்கு. தட்டாது” என்றார்.

செல்வியம்மாவுக்கு வாயெல்லாம் பல். அக்காவின் கையில் இரண்டு கிலோ வஞ்சிரத்தைத் திணித்தார். அக்கா மீன் சாப்பிட மாட்டார், அதை நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

பெண்ணின் பெரியப்பா இறந்துபோனதில் கல்யாணம் தள்ளிப்போயிற்று. வைகாசியில் தேதி வைத்தார்கள். அதற்குள் முடிக்க வேண்டும் என்று, கத்திரி வெயிலில், ஒரு பகல் நான் வேலை தொடங்கினேன். ஆள் கிடைக்கவில்லை. பிரபு லீவு போட்டுவிட்டுக் கூடமாட நின்றான். இரண்டு பைப்பைக் கையாலேயே இழுத்து மாடியில் ஏற்றியதும் தோள் கழன்றுவிட்டது. கப்பி எடுத்துவர மறந்திருந்தேன். அக்கா கடைக்குப் போன் போட்டேன், யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லி. கடைப்பையன் ஊருக்குப் போயிருந்ததால் அவரே ஆட்டோவில் கொண்டுவந்தார்.

அவர் படியேறி வந்தபோது மணி ஒன்று இருக்கும். நானும் பிரபுவும் முதல் பைப்பை நிமிர்த்திக்கொண்டிருந்தோம். அவன் அடி முனையைக் காலால் அழுத்திப் பிடித்திருந்தான். நான் கைக்குக் கை மாற்றி மேலே தள்ளிக்கொண்டு வந்தேன். பாதிக்கு மேல் நிமிர்ந்துவிட்டது.

அக்கா கடைசிப் படியில் நின்று அண்ணாந்து பார்த்தார். தை மாதம் அந்தப் படியில் நின்று பார்த்தபோது கம்பி எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு சாண் மேலே தெரிந்ததாம். இப்போது தொட்டியின் விளிம்புக்குக் கீழே தெரிந்தது. இது அவர் அப்புறம் சொன்னது. அப்போது கப்பியைக் கீழே போட்டுவிட்டு வந்து, எனக்கும் பிரபுவுக்கும் நடுவில் புகுந்து, பைப்பை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே தொங்கினார்.

“இன்னாக்கா இது, வுடு. மேல வுயுந்துடும்.”

“கீழ எறக்குங்க.”

“பாதி வந்துட்ச்சிக்கா.”

“தம்பி, கீழ எறக்குங்க மொத.”

குரலை உயர்த்தவில்லை. ஆனால் பைப்பை விடவும் இல்லை. அவர் எடை முழுக்க அதில் இருந்தது, என்னால் மேலே தள்ள முடியவில்லை. எரிச்சலோடு இறக்கினோம். பைப் தரையில் விழுந்த பிறகும் அவர் கை அதைப் பிடித்திருந்தது.

அப்புறம் அளந்தார். நான்தான் டேப்பின் மறுமுனையைப் பிடித்தேன். தை மாதத்துக் கோடு லேசாக இருந்தது. அந்தக் கோட்டில் நின்றால் கம்பி விளிம்பில் உட்காரவில்லை. இரண்டடி முன்னால் வரவேண்டியிருந்தது. பதினைந்து. நாலே முக்காலைக் கூட்டினால் பத்தொன்பதே முக்கால். சுடுகிற தரையில் வெறுங்காலோடு மூன்று தடவை பார்த்தார். பைப் இருபதடி. இருபதடி பைப்பின் நீளத்தில் எனக்குச் சந்தேகம் வர வழியில்லை, என் பிழைப்பே அதை வெட்டுவதுதான்.

பிரபு பைப்பையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் சட்டையெல்லாம் வேர்வை. நான் அதைத் தொட்டுப் பிடித்திருந்தேன், அவனும் பிடித்திருந்தான், கடைசியில் அக்காவும் பிடித்திருந்தார். முழுக்க நிமிர்ந்திருந்தால் கம்பியில் மூன்று இஞ்ச் இடித்திருக்கும். மூன்று பேர்.

“வெயிலுக்குக் கம்பி நீளும். நீண்டா தொங்கும். நான் குளிர்ல அளந்துட்டு எப்பவும் அதான்னு சொல்லிட்டேன். என் தப்பு” என்றார் அக்கா. கூரைக்கு மேலே இப்போது பத்தே முக்கால்தான் இருக்கிறது என்றும் சொன்னார். இன்னும் எவ்வளவு இறங்கும் என்று கேட்டேன். “தெரியாது” என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை.

கீழே எங்களுக்குக் குழம்பு வைத்துக்கொண்டிருந்த செல்வியம்மா சத்தம் கேட்டு மேலே வந்தார். அக்கா அவரிடமும் அதையே சொன்னார், அறை வேண்டாம் என்று.

“தைல இன்னா சொன்ன, இப்ப இன்னா சொல்ற? உன் பேச்ச கேட்டுத்தானே தேதி வெச்சேன். பத்திரிக அடிச்சாச்சி. வூடு இல்லன்னா என் புள்ள அவங்க வூட்ல போய் குந்திக்குவான். அதுக்கா நீ வந்து அளந்த?”

செல்வியம்மாவுக்கு வார்த்தை ஏறிக்கொண்டே போயிற்று. கண்ணு வெச்சிட்ட என்றார், பொறாம புடிச்சவ என்றார், பொழைக்க வந்த ஊர்ல என்று ஆரம்பித்து வேறு என்னென்னவோ சொன்னார். பக்கத்து மாடிகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். கீழே சந்திலும் கூட்டம். பிரபு ‘யம்மா, கம்முனு இரும்மா’ என்றான், அதைக் கேட்கிற நிலையில் அவர் இல்லை. சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லு நைனா. நீ வேல தெரிஞ்சவன். அந்த பைப்பு தட்டியிருக்குமா?”

தெருவே என்னைப் பார்த்தது. தட்டியிருக்கும் என்று நான் சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். முழு பைப்பைக் கொண்டுவந்தது யார்? உச்சி வெயிலில் கம்பிக்கு அடியில் நிமிர்த்தியது யார்? பிள்ளையைப் பிடிக்கச் சொன்னது யார்? வெட்டி எடுத்துவந்திருந்தால் இந்த வினையே இல்லை. ஒட்டுப்போடச் சோம்பல்பட்டு முழு நீளமாகக் கொண்டுவந்தவன் நான். எர்ணாவூர்ப் பக்கம் அப்புறம் எனக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

“தட்டியிருக்கும்னும் சொல்ல முடியாது அத்த, தட்டாதுன்னும் சொல்ல முடியாது” என்றேன். “சுமாரா கிட்ட வந்துருக்கும்.”

அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். “டேப்பச் சுத்துங்க தம்பி” என்றார். நூலை நட்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

நான் வேறு வேலை வந்துவிட்டது என்று சொல்லிப் பைப்புகளை இறக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் அக்கா மின் அலுவலகத்தில் போய் எழுதிக் கொடுத்தார், கம்பி பகலில் எவ்வளவு இறங்குகிறது என்று. ஆட்கள் வந்து பார்த்தார்கள், அங்கே அறை எழுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணம் நடந்தது. பிரபு மீஞ்சூரில் மாமனார் வீட்டோடு போய்விட்டான்.

செல்வியம்மா இதை மார்க்கெட்டில் சொல்லாத ஆள் இல்லை. நடந்த விபத்தென்றால் ஊரே பார்க்கும், நடக்காத விபத்துக்கு யார் சாட்சி? நான் ஒருவன் இருந்தேன். ‘வெல்டரே சொன்னாரு, தட்டியிருக்காதுன்னு’ என்று என் வாயிலிருந்து வராத பேச்சும் சேர்ந்துகொண்டது. நான் போய் இல்லையென்று சொல்லவில்லை. காலைக்கொரு கணக்கு, மத்தியானத்துக்கொரு கணக்கு சொல்கிறவள் என்று அக்காவுக்குப் பெயராயிற்று. படகுக்காரர்கள் மெல்ல மெல்ல வேறு கடைக்குப் போனார்கள்.

அவரோ தன் தப்பைத் தானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கயிறு வாங்க வருகிறவனிடம் கேட்காமலேயே, “கம்பிய அளந்தா மத்தியானம் அளக்கணும், வெயில்ல அளக்கணும். நான் அது தெரியாம சொல்லி ரெண்டு பேரக் கொல்லப் பாத்தேன்” என்பார். அந்தக் கோடை முழுக்க மத்தியானத்தில் பஸ் ஏறி எர்ணாவூர் போவார். செல்வியம்மா வீட்டுக்குள் விடமாட்டார், சந்து முனையில் நின்றே கம்பியை அளந்துவிட்டு வந்து, மாடி உயரத்தைக் கழித்துக் கடைக் காலண்டரில் எழுதுவார். ஒருநாள் என்னிடம் காட்டினார். ரொம்பக் குறைந்தது பத்தொன்பதரை. “இப்ப தெரியும் தம்பி” என்றார். என்னிடம் அவர் சொன்னது அவ்வளவுதான். நான் அன்றைக்குச் சொன்ன பதிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. டீ வாங்கினால் எனக்கும் சேர்த்து வாங்குவதும் நிற்கவில்லை. அந்த டீயைக் குடிக்க எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை இப்போதுதான் சொல்கிறேன்.

இரண்டு வருஷம் கழித்துக் கடையைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்காரருக்கு முட்டிவலி, அலைய முடியவில்லை என்றார்கள். அது உண்மைதான். வியாபாரம் படுத்துவிட்டதும் உண்மைதான். அதற்கு நான்தான் காரணம் என்று சொன்னால் என்னைப் பெரிய ஆளாக்கிக்கொள்வதாகும். நான் காரணமே இல்லை என்றால் பொய்.

போன மாதம் செல்வியம்மா பட்டறைக்கு வந்தார். மீன் தட்டு வைக்கிற இரும்பு ஸ்டாண்டில் ஒரு கால் ஒடிந்திருந்தது. நன்றாகத் தளர்ந்துவிட்டார். பற்றவைத்து ஆறவைக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பிரபுவைப் பற்றிக் கேட்டேன். ரெண்டு புள்ள என்றார், மாசத்துக்கு ஒருக்கா வரான் என்றார். எனக்கு என்ன தோன்றியதோ, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னேன்.

“அத்த, அன்னிக்கு அந்த பைப்பு தட்டியிருக்கும். மூணு இஞ்ச். நான்தான் டேப்ப புட்ச்சேன்.”

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

“தெரியும்” என்றார்.

“எப்டி?”

“படியேறி வந்ததும் அந்தம்மா கையத்தான் பாத்தேன். வெடவெடன்னு ஆடிகினு இருந்திச்சி. என் புள்ள மூஞ்சியப் பாத்தேன். இதுக்கு மேல இன்னா தெரியணும்?”

“அப்புறம் இன்னாத்துக்கு என்னாண்ட அப்டி கேட்ட?”

செல்வியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வாய வுட்டுட்டேன் நைனா. தெருவே பாத்துகினு கீது. எப்டி நிறுத்தறது? நீ ஆமான்னு சொல்லுவன்னுதான் உன்னாண்ட கேட்டேன். சொல்லியிருந்தின்னா அங்கியே அந்தம்மா கால்ல வுயுந்திருப்பேன்.”

ஸ்டாண்ட் ஆறிவிட்டது. எடுத்துக்கொடுத்தேன். வாசல்வரை போனவர் திரும்பி நின்று, அந்தம்மா நம்பர் உன்னாண்ட கீதா என்று கேட்டார். என்னிடம் இருந்தது பழைய கடை நம்பர் ஒன்றுதான். அங்கேயே போட்டுப் பார்த்தேன். யாரோ ஒருவர் இந்தியில் பேசினார்.